ஒரு நாற்காலியும் ஒரு பிரசன்ட் பெர்ஃபெக்டும்

காந்தி ரோட்டில் இருக்கும் அந்தப் பட்டுக் கடையில் பல காலமாக நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அது கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் பழைய முதலாளி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிறகு அவர் மகன் யுவன் உட்காருகிறார். மற்ற அத்தனை பேருக்கும் தரைதான். வெள்ளைத் துணி போர்த்திய மெத்தையில், விற்பவரும் வாங்குபவரும் எதிரும் புதிருமாகச் சம்மணம் போட்டுத்தான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணச் சேலை கை மாறும். முட்டி வலிக்காரர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. ஆனால் ஸ்டூல் வாடிக்கையாளர்களின் உரிமை. வேலை பார்ப்பவர்கள் அதில் உட்கார்ந்தால் கடை மூடப்போகிறது என்று ஊரில் பேச்சு கிளம்பும்.

இந்த வருஷம் ஆனி மாதத்தில் அந்தக் கடைக்கு இரண்டாவது நாற்காலி வந்தது. சக்கரம் வைத்தது, சுற்றுவது, முதுகுக்கு வலை போட்டது. அந்த நாற்காலிக்காகத்தான் மங்கையர்க்கரசி என்பவர் தம்முடைய ஐம்பத்திரண்டாம் வயதில், செவிலிமேட்டில் ஒரு செல்போன் கடையின் மாடிக்கு ஏறி, ஆங்கிலத்தில் பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ் படித்தார். முட்டி வலியோடு மாடி ஏறினார் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்த நாற்காலியின் அருமை விளங்கும்.

மங்கையர்க்கரசி பிறந்தது திருப்புட்குழியில், பயிர் வைக்கும் குடும்பத்தில். நெசவுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. கட்டிக்கொண்டது டவுன் பஸ் கண்டக்டர் ராஜகோபாலை. இருபத்தாறு வருஷமாகக் கடையில் அவர் செய்யும் வேலை, குறை பார்ப்பது. காலையில் நெசவாளர்கள் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். மங்கையர்க்கரசி அதை வெள்ளைத் துணிமேல் விரித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் முழம் முழமாகத் தள்ளிக்கொண்டே போவார். எங்கேயாவது குறுக்கு இழையான ஊடை தப்பியிருந்தாலோ, கரையும் உடலும் சேரும் இடத்தில் கோர்வை விட்டிருந்தாலோ, அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு நூலை முடிந்துவிட்டு, என்ன குறை என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த நூல் எப்போதும் அவருடைய இடது சுண்டுவிரலில் சுற்றியிருக்கும். கல்யாண மோதிரம் எங்கே என்று கேட்டால் யோசிப்பார்; நூல் எங்கே என்று யாரும் கேட்க வேண்டி வந்ததில்லை.

குறையே இல்லாத சேலைக்கு என்ன சொல்வார்? ஒன்றும் சொல்லமாட்டார். மடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவார். "நல்லா இருக்குது" என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களுக்கு இது பழகிவிட்டது. சின்னப்பையன் என்று ஒரு நெசவாளர், பெயர்தான் சின்னப்பையன், வயது அறுபத்து மூன்று, டீக்கடையில் மார்தட்டுவார்: "இருவத்தாறு வருசத்துல அந்தம்மா எங்கிட்ட மொத்தமா நாலு வார்த்தை பேசியிருக்கும்பா. அவ்ளோ சுத்தமா நெய்யறவன் நானு."

வீட்டிலும் அதே நடைமுறைதான். ஓய்வு பெற்றபின் சமையலை ராஜகோபால் எடுத்துக்கொண்டார். குழம்பில் உப்புக் கூடினால் ஒரு வார்த்தை வரும். ஒன்றும் வராவிட்டால் குழம்பு அமோகம் என்று அர்த்தம். "இது எனக்குப் புரியறதுக்கே கல்யாணம் ஆயி பதினோரு வருசம் ஆச்சு. அதுவரிக்கும் எம்மேல கோவம்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்பார் ராஜகோபால்.

சித்திரையில் முட்டி வீங்கியது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்றார்.

"தரையில உக்காராம சேலை எப்படி சார் பாக்கறது?"

"மேஜைமேல போட்டுப் பாருங்கம்மா."

மங்கையர்க்கரசி அந்த டாக்டரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். மேஜையில் போட்டால் சேலை இரண்டு பக்கமும் வழியும். வழிகிற பட்டு தன் எடைக்கே இழுபடும். இழுபட்டால் குறை ஒளிந்துகொள்ளும். இவ்வளவு படித்தவருக்கு இது தெரியவில்லையே என்று தோன்றியது.

ஆக, நிலைமை இதுதான். தரையில் உட்காரக் கூடாது. கடையிலோ தரையைத் தவிர வேறு இடம் கிடையாது. வேலையை விட்டு வீட்டில் இருக்கலாம் என்றால், வீட்டில் குறை பார்ப்பதற்கு ராஜகோபால் ஒருவர்தான் இருக்கிறார். அவரையும் முப்பது வருஷத்தில் முழம் முழமாகப் பார்த்து முடித்தாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் சுற்றும் நாற்காலி வந்தது. வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு வீடியோவில் சேலை காட்டி விற்க ஒரு கவுன்ட்டர் போட்டார் யுவன். வட்ட விளக்கு, செல்போன் நிற்க ஒரு கால், சேலை வழியாத அளவுக்கு அகலமான மேஜை, நாற்காலி. அதில் யாரை உட்கார வைப்பது என்பதில்தான் சிக்கல். விற்பனைப் பிரிவில் இருக்கும் வசந்துக்கு ஆங்கிலம் அருவி மாதிரி வரும். சேலைதான் கொஞ்சம் வறட்சி. எந்தச் சேலையைக் கையில் கொடுத்தாலும் "பியூட்டிஃபுல் பீஸ், மேடம்" என்பதைத் தாண்டி அவருக்குப் பேச்சு இறங்காது. மங்கையர்க்கரசிக்கு நேர் எதிர்.

"தம்பி, அந்த நாற்காலிய எனக்குக் குடுங்க" என்று நேராகவே கேட்டார் மங்கையர்க்கரசி.

யுவன் தவழ்ந்த காலத்திலிருந்து அக்காவைப் பார்ப்பவர். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல வரவில்லை. "அக்கா, அவங்கல்லாம் நாலு தலைமுறைக்கு முன்னாடி கப்பல் ஏறிப் போனவங்க வீட்டுப் புள்ளைங்க. தமிழே வராது. இங்கிலீஷ்ல பேசணுமே."

"பேசறேன்."

"எப்ப?"

"ஆடில கல்யாணம் இல்ல. சும்மாதான இருப்போம். கத்துக்கறேன். ஆவணி மொத வெள்ளிக்கெழம பாருங்க."

"சரிக்கா. ஆவணி மொத வெள்ளிக்கெழம ஒரு கால் நீங்க பேசுங்க. வரலன்னா வசந்த்த உக்கார வெச்சிடறேன். அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

இப்படியாகத்தான் செவிலிமேடு மாடி. 'முப்பதே நாளில் சரளமான ஆங்கிலம்' என்று போர்டு. நடத்துபவர் ஷாரோன், இருபத்தெட்டு வயது. தாத்தா காலம்வரை பிறர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம், இவர் எம்.ஏ. ஆங்கிலம். முப்பதே நாள் என்று போர்டில் எழுதியது பெயின்டர் என்றும், தான் மூன்று மாதம் என்றுதான் சொன்னதாகவும் முதல் நாளே வகுப்பில் ஒப்புக்கொண்டுவிடுவார். அந்த நேர்மை மங்கையர்க்கரசிக்குப் பிடித்தது. ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்து பெஞ்சில் ஆட்டோக்காரர் தேவசகாயம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். மற்ற ஆறு நாளும் வெள்ளைக்காரர்களுக்கு வரதராஜப் பெருமாள் கதை சொல்கிறவர். ஒரு வினைச்சொல்கூடச் சரியாக இல்லாமல் மூன்று மணி நேரம் ஆங்கிலம் பேசுவார். கேட்டவர்களுக்கு முழுக்கப் புரியும். இலக்கணம் படிக்க எதற்கு வந்தார் என்றால், பெண்டாட்டி அனுப்பியதால் வந்தார்.

பதினோராம் நாள் பிரசன்ட் பெர்ஃபெக்ட். போர்டில் இரண்டு கட்டம் போட்டார் ஷாரோன். ஒன்றில் ஐ, வீ, யூ, தே. அதன் பக்கத்தில் ஹேவ். இன்னொன்றில் ஹீ, ஷீ, இட். அதன் பக்கத்தில் ஹேஸ். "ஆளப் பாத்து ஹேவோ ஹேஸோ போடணும். அப்பறம் வினையோட மூணாவது ஃபார்ம். அவ்ளோதான். ஐ ஹேவ் கம். ஷி ஹேஸ் கம்."

"ஐ கேம்னு நேத்து சொன்னீங்களே மிஸ்ஸு" என்றார் தேவசகாயம்.

"வந்தேன் வேற, வந்திருக்கேன் வேற இல்லண்ணே? வந்தேன்னா அது முடிஞ்சு போச்சு. வந்திருக்கேன்னா வந்தது முன்னாடிதான், ஆனா இப்பவும் இங்கதான நிக்கறேன். நம்ம 'வந்து' அவங்க மூணாவது ஃபார்ம். நம்ம 'இருக்கேன்' அவங்க ஹேவ். நாம பின்னாடி வெக்கறத அவங்க முன்னாடி வெக்கறாங்க."

"புரிஞ்சிடுச்சி. சவாரிய எறக்கி வுட்டேன்னா பாஸ்ட்டு. சவாரி கூட்டிக்கினு வந்திருக்கேன், வெளில ஆட்டோவுல குந்திக்கினு இருக்காங்கன்னா, இது."

ஷாரோன் சிரித்தார். பிறகு சந்தேகம் வந்து ஜன்னல் பக்கம் போனார். "அண்ணே, நெஜமாவே ஆட்டோல யாரோ இருக்காங்க."

"ரெண்டு பேரு. கிளாஸ் முடிஞ்சதும் வரேன்னு சொல்லியிருக்கேன்."

அடுத்த விதிக்குப் போனார் ஷாரோன். இந்த டென்ஸோடு நேற்று, போன வாரம், இரண்டாயிரத்துப் பத்து என்று முடிந்துபோன காலத்தைச் சேர்க்கக் கூடாது. ஐ ஹேவ் கம் எஸ்டர்டே என்பது தப்பு. ஏன் என்று ஒரு மாணவர் கேட்டார். ஷாரோன் நேர்க்கோடு போட்டார், வளைந்த அம்பு போட்டார், இறந்த காலத்திலிருந்து நிகழ்காலத்துக்கு ஒரு பாலம் கட்டினார். வகுப்பு பாலத்தில் ஏற மறுத்தது.

அப்போதுதான் மங்கையர்க்கரசி வாயைத் திறந்தார், தமிழில்தான். "சேலை பாக்கற மாதிரிம்மா. எப்ப நெய்தாங்கன்னு நான் கேக்கறதில்ல. மழ நாள்ல நெய்தாங்களா, வூட்ல சண்ட போட்டுக்கினு நெய்தாங்களா, அது எனக்கு எதுக்கு. நெய்து முடிஞ்சி எம்முன்னாடி விரிஞ்சி கெடக்குது. அதுல இப்ப இன்னா இருக்குது, அதான் கேள்வி. தேதி சொன்னா அது வேற கணக்கு."

சாக்பீஸ் நின்றது. ஷாரோன் பாலத்தை அழித்தார். அடுத்த வகுப்பிலிருந்து அவர் சேலையைத்தான் விரிக்கிறார் என்று கேள்வி.

இவ்வளவு தெளிவாகப் புரிந்தவருக்கு என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். கஷ்டம் புரிவதில் இல்லை.

மூன்றாவது ஃபார்ம் அட்டவணை ஒன்று கொடுத்திருந்தார் ஷாரோன், நூற்றிருபது வினைச்சொற்கள், மூன்று பத்தி. மங்கையர்க்கரசி சிவப்புப் பேனாவோடு அதை மேலிருந்து கீழாக முழம் முழமாகத் தள்ளினார்.

"மிஸ்ஸு, கோ, வென்ட், கான். மூணும் மூணு கலரு, சரி. கம், கேம், கம். மூணாவது பத்தியில திரும்பவும் மொத நூலையே போட்டுட்டாங்க."

"அது அப்படித்தாங்க ஆன்ட்டி."

"கட், கட், கட்?"

"அதுவும் அப்படித்தான்."

"இது தேவல. ஒரே நூலு. இங்க பாருங்க, ஈட்டுக்கு மூணாவதுல ஏட்டுன்னு அச்சடிச்சிருக்குது. நீங்க ஈட்டன்னு சொன்னீங்க."

ஷாரோன் வாங்கிப் பார்த்தார். நான்கு வருஷமாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தாள். நூற்றுக்கணக்கானோர் கையில் போன தப்பு.

கடைசி வரியில் நெய்தல் இருந்தது: வீவ், வோவ், வோவன். மங்கையர்க்கரசி அதை ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்துப் பையில் வைத்தார். இவருக்கு அது புரியவில்லை போலிருக்கிறது என்று ஷாரோன் நினைத்துக்கொண்டார். ராஜகோபால் இருந்திருந்தால் விளக்கியிருப்பார்.

வகுப்பில் யார் தப்பு விட்டாலும் மங்கையர்க்கரசியின் ஆள்காட்டி விரல் மேலே போகும். "ஐ ஹேஸ் ஈட்டன்" என்று தேவசகாயம் ஆரம்பித்தால், ஹேஸ் முடிவதற்குள் விரல் எழுந்துவிடும்.

"யக்கா, நீ வெரலத் தூக்கினா எனக்கு பிரேக் புடிச்சிக்குது."

"நீ ஹேவுன்னு சொல்லு, நான் எறக்கிடறேன்."

வீட்டில் ராஜகோபாலை அட்டவணையிலிருந்து வாக்கியம் படிக்கச் சொல்லி, விரல் பயிற்சி நடந்தது. ஒரு மாதத்தில் ராஜகோபாலுக்கு ஆங்கிலம் சுமாராக வந்துவிட்டது. அவருக்கு அது தேவையே இல்லை.

மங்கையர்க்கரசிக்கு வரவில்லை. காரணம் எளிமையானது. ஒரு வாக்கியத்தைப் பேச வேண்டுமென்றால் முதலில் மனசுக்குள் நெய்வார். பிறகு அதை விரித்து, ஹேவ் சரியா, மூன்றாவது ஃபார்ம் சரியா என்று முழம் முழமாகப் பார்ப்பார். எங்கேயோ ஒரு சந்தேகம் இடிக்கும். உள்ளேயே நூலை முடிந்து மடித்து வைத்துவிடுவார். அதற்குள் பேச்சு மூன்று வாக்கியம் தாண்டிப் போயிருக்கும். எழுத்துத் தேர்வில் ஐம்பதுக்கு ஐம்பது. வாயிலிருந்து வந்த ஆங்கில வாக்கியங்கள், இருபத்தெட்டு நாளில், ஒன்றுமில்லை.

ஷாரோனுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆன்ட்டி, ஒரே ஒரு வாக்கியம். தப்பாவே சொல்லுங்க. வேணும்னே தப்பா சொல்லுங்க, பரவாயில்ல."

பட்டைக் கொளுத்தச் சொன்னதுபோல் பார்த்தார் மங்கையர்க்கரசி. "தெரிஞ்சே எப்படிம்மா தப்ப வெளில விடறது?"

இருபத்தாறு வருஷம் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. அதை ஷாரோன் எப்படி அசைப்பார்?

ஆடியின் கடைசி நாள் ஆட்டோவில் வீட்டுக்கு இறக்கிவிட்ட தேவசகாயம் மட்டும் தைரியம் சொன்னார். "யக்கா, அவங்களுக்குத் தமிழ் தெரியாது. உனக்கு இங்கிலீஷ் தெரியாது. ரெண்டு பேரும் சமம். இன்னாத்துக்கு பயப்படறே?"

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நான்கு மணி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் பகல் பன்னிரண்டரை. அங்கே செல்போன் முன்னால் அலமு என்ற அம்மாள், பக்கத்தில் கல்யாணப் பெண்ணான அவர் மகள். கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்டப் போனவர். அலமுவிடம் தமிழில் மிச்சம் இருந்தது பெயரும் சேலையும்தான்.

இங்கே மேஜைமேல் ஐந்து சேலைகள். மங்கையர்க்கரசி சுற்றும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சக்கரம் நகர்ந்தது, யுவன் முதுகைப் பிடித்துக்கொண்டார். செல்போனுக்குப் பின்னால் வசந்த், தேவைப்பட்டால் குதிக்கத் தயாராக நின்றார். மெத்தையில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் எதையோ மடிப்பதுபோல் நடித்தார்கள்.

முதல் சேலை இலைப்பச்சை, அரக்குக் கரை. விரித்த மாத்திரத்தில் அலமு தன் நெஞ்சில் கை வைத்தார். இதுதான், இதையேதான் தேடிக்கொண்டிருந்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மகளும் தலையாட்டினார். யுவனுக்கு முகம் மலர்ந்தது. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சேலை விற்றுவிட்டது. இனி மங்கையர்க்கரசி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. மடித்து வைத்தால் போதும். நாற்காலி அவருடையது.

கை மடிக்கத்தான் போனது. போகிற வழியில் விரல் நின்றது.

முந்தியிலிருந்து ஒரு சாண் தள்ளி, கரையும் உடலும் சேரும் இடத்தில், மூன்று இழைக்குக் கோர்வை விட்டிருந்தது. மேஜையில் இருந்த ஐந்துமே அவர் முட்டிக்கு மருத்துவம் பார்க்கப் போயிருந்த நாளில் வந்த சேலைகள். வசந்த் பார்த்து எடுத்து வைத்தவை. கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினாலும் கிடைக்காத குறை. கேமராவுக்கு ஏழு ஜென்மத்திலும் தெரியாது.

சுண்டுவிரலிலிருந்து சிவப்பு நூல் தானாகக் கழன்றது.

"அக்கா" என்றார் யுவன், உதடு அசையாமல். "அந்தம்மாவுக்குத் தெரியாது. சும்மா மடிங்க."

"மடிச்சா சரின்னு ஆயிடும், தம்பி."

"ஆவட்டுமே."

"நான் பேசாம மடிச்சா இன்னா அர்த்தம்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

யுவனுக்குத் தெரியும். அவர் அப்பா சேலையைப் பார்த்து வாங்கியவர் இல்லை. அக்காவின் மூடிய வாயைப் பார்த்து வாங்கியவர். அந்த வாய் மூடியிருக்கக் கூடாத இடத்தில் மூடியிருந்தால், இதுவரை மடித்து வைத்த அத்தனை சேலைக்கும் என்ன மதிப்பு?

மங்கையர்க்கரசி நூலை முடிந்துவிட்டார்.

அலமு செல்போன் பக்கம் குனிந்தார். அந்தச் சிவப்பு என்ன என்று கேட்டார். வசந்த் தொண்டையைக் கனைத்தார். அது ஒரு டிசைன் மேடம் என்ற வாக்கியம் அவர் நாக்கில் தயாராக இருந்தது. இன்னும் அரை நிமிஷம் விட்டால் வெளியே வந்துவிடும். மனசுக்குள் நெய்து, விரித்து, பார்த்து அனுப்ப மங்கையர்க்கரசிக்கு நேரமில்லை.

"ஐ ஹேவ் ஃபவுண்ட் ஒன் மிஸ்டேக்" என்றார்.

கடை முழுக்க மடிப்பது நின்றது.

"தி வீவர் ஹேஸ் லெஃப்ட் த்ரீ த்ரெட்ஸ்" என்று விரலால் தொட்டுக் காட்டினார். "நாட் குட் ஃபார் மேரேஜ்."

முதல் இரண்டும் சுத்தம். மூன்றாவதில் வினைச்சொல்லே இல்லை. அது வெளியே போனதை மங்கையர்க்கரசி பார்த்தார். அவருடைய விரல் எழவில்லை.

யுவன் கண்ணை மூடிக்கொண்டார். வசந்த் நாற்காலியைப் பார்த்தார். பிறகு அலமுவின் குரல் நிதானமாக வந்தது: "ஹேவ் யூ செக்ட் தி அதர்ஸ்?"

மற்றவற்றைப் பார்த்துவிட்டீர்களா என்று கேள்வி. கேள்வி கேட்கும் விதம் பதினோராம் நாள் போர்டின் கீழ்ப் பாதியில் இருந்தது.

"ஐ ஹேவ் நாட்" என்றார் மங்கையர்க்கரசி. "நவ் ஐ செக். யூ சீ."

அலமு பார்த்தார். இரண்டாவது சேலையில் சரிகை ஒரு இடத்தில் அறுந்திருந்தது, நூல் விழுந்தது, "தி ஜரிகை ஹேஸ் ப்ரோக்கன்" வந்தது. மூன்றாவதில் சாயம் அரை முழத்துக்கு ஒரு சாயல் மாறியிருந்தது. நூல் விழுந்தது. அதைச் சொல்ல ஆங்கிலம் கிடைக்காமல், "கலர் ஹேஸ் கான் லிட்டில்" என்றார். செவிலிமேட்டில் இதைக் கேட்டிருந்தால் ஷாரோன் அந்த மாடியிலேயே ஆடியிருப்பார்.

நான்காவது மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூக் கரை. சின்னப்பையன் நெய்தது. முந்தியிலிருந்து கடைசி முழம்வரை தள்ளிக்கொண்டே போனார். ஒன்றும் பேசவில்லை. மடித்தார். ஓரமாக வைத்தார். ஐந்தாவதற்குக் கை நீட்டினார்.

அலமுவுக்குக் குழப்பம். ஏன் பேச்சை நிறுத்திவிட்டார், அதில் அவ்வளவு பெரிய குறையா என்று யுவனிடம் கேட்டார்.

யுவன் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்தவர். "ஆக்சுவலி மேடம்" என்று ஆரம்பித்தார். மேலே வார்த்தை கிடைக்கவில்லை. அக்காவின் மௌனத்துக்கு ஆங்கிலம் என்ன? வசந்தைப் பார்த்தார். வசந்திடம் இருந்தது பியூட்டிஃபுல் பீஸ் மட்டும்தான்.

"மேடம், ஷி ஹேஸ் செட் நத்திங்" என்றார் கடைசியில். "அதுதான்... தட் இஸ் தி பெஸ்ட் திங் ஷி ஹேஸ் எவர் செட்."

அந்தப் பக்கம் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள்தான் முதலில் சிரித்தார். மாம்பழ மஞ்சளை எடுத்துக்கொண்டார்கள். இலைப்பச்சையை அதே நிறத்தில் புதிதாக நெய்யச் சொன்னார்கள். கல்யாணம் தையில்தான், காத்திருப்பார்கள். ஒரே நிபந்தனை: அனுப்புவதற்கு முன்னால் இந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டும்.

செல்போனை அணைத்தபின் வசந்த் தயங்கித் தயங்கி வந்தார். "அக்கா, அந்தப் பச்சைய நான்தான் பாத்து வெச்சேன்."

"தெரியும்பா. நூலு கட்டியிருக்குது, போய்ப் பாரு."

யுவன் எதுவுமே சொல்லவில்லை. நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார்.

இங்கேயே முடித்தால் நல்ல கதை. ஆனால் முட்டி என்று ஒன்று இருக்கிறது.

ஒரு வாரம் மங்கையர்க்கரசி நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். கால் மரத்துப்போனது. சேலையும் மடியில் சரியாக நிற்கவில்லை. எட்டாம் நாள் ஒரு காலை மட்டும் மேலே தூக்கி மடித்து வைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் இன்னொரு காலுக்கும் நியாயம் செய்தார். வீடியோவில் இடுப்புக்கு மேலேதான் தெரியும். டர்பன், மொரீஷியஸ், லண்டன் எல்லா ஊரும் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்தன. உட்கார்ந்துதான் இருந்தார், சம்மணம் போட்டு.

மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த ராஜகோபால்தான் இதை முதலில் பார்த்தார்.

"ஏம்மா, டாக்டர் இன்னா சொன்னாரு?"

"தரையில உக்காராதன்னு சொன்னாரு. இது தரையா?"

புரட்டாசியில் டாக்டரிடம் போனார்கள். அவர் முட்டியை அழுத்திப் பார்த்தார், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வீக்கம் வடிந்த மாதிரி தெரியவில்லையே என்றார். "உண்மையச் சொல்லுங்கம்மா. தரையில உட்கார்ந்தீங்களா?"

அவர் தமிழில்தான் கேட்டார். மங்கையர்க்கரசி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விரித்துப் பார்க்கவில்லை.

"ஐ ஹேவ் நாட் சாட் ஆன் தி ஃப்ளோர், டாக்டர்."

ஹேவ் சரி. மூன்றாவது ஃபார்ம் சரி. தேதி கிடையாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு இழை தப்பவில்லை. டாக்டர் அசந்துபோய்ப் பேனாவைக் கீழே வைத்தார்.

பக்கத்தில் நின்றிருந்த ராஜகோபால் மெதுவாக ஒரு விரலைத் தூக்கினார்.